14ஆம் ஆசீர்வாதப்பர் நம்ம தாலியைத் தடை செய்தாரா?

ஜனவரி 30, காலை (வந்த கேள்வி)

அண்ணே, ஓரியூர் திருநாளுக்குப் பாதயாத்திரை கிளம்புற இடத்துல ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். 18ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட்னு ஒரு போப் இருந்தாராம், தமிழ்க் கிறிஸ்தவங்க தாலி கட்டக்கூடாது, குளிக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டவர் அவர்தானாம். ஆனா நான் வாசிச்ச வரைக்கும் அதே பெனடிக்ட் ஐரோப்பாவே மெச்சின படிப்பாளி. ரெண்டும் ஒரே ஆளா?

ஜனவரி 30, இரவு

ஒரே ஆள்தான் தம்பி. இயற்பெயர் புரோஸ்பெரோ லம்பெர்த்தினி. 1675ல் பொலோஞாவில் பிறந்தவர், 1740 முதல் 1758ல் சாகும்வரை பாப்பரசர். பெனடிக்ட் என்பதைப் பழைய ஆட்கள் ஆசீர்வாதப்பர் என்பார்கள், எனக்கும் அதுதான் வாயில் வருகிறது.

தாலிக் கதை தப்பு. தாலியே கட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சிலுவையோ மாதா உருவமோ போட்டுக் கட்டிக்கொள் என்பதுதான் உத்தரவு. அதையும் முதலில் போட்டவர் இவரில்லை, 1704ல் புதுச்சேரியில் இருந்த துர்னோன் என்ற பாப்பரசரின் தூதர். இவர் 1742ல் அதன்மேல் முத்திரை குத்தினார். அவ்வளவுதான்.

ஜனவரி 31

திருத்தம். 1742 ஜூலை 11 என்பது சீனாவுக்குப் போட்ட ஆணை, முன்னோர் வணக்கம், கன்பூசியஸ் மரியாதை பற்றியது. நமக்கு வந்தது 1744 செப்டம்பர் 12, 'ஓம்னியும் சொலிசிதூதினும்' என்று தொடங்கும் ஆணை மடல். பதினோரு மணிக்கு மேல் ஞாபகத்திலிருந்து எழுதினால் இப்படித்தான் ஆகும்.

"அவ்வளவுதான்" என்று எழுதியதும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மெதுவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 1

முதலில் ஆளைப் பார்த்துவிடு, அப்புறம் வழக்கைப் பேசலாம்.

1740ல் பாப்பரசர் 12ஆம் கிளமெண்ட் இறந்ததும் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் உள்ளே போய்க் கதவடைத்தார்கள். பிப்ரவரியில் போனவர்கள் ஆகஸ்ட் 17 வரை வெளியே வரவில்லை. ரோமின் கோடை வெக்கை, ஆளுக்கொரு அறை, பிரான்சுக்கு ஒரு கட்சி, ஆஸ்திரியாவுக்கு ஒரு கட்சி. இடையில் கர்தினால்கள் சிலர் செத்தே போனார்கள். லம்பெர்த்தினி பெயரை ஆரம்பத்தில் யாரும் எடுக்கவில்லை. "புனிதர் வேண்டுமானால் கோத்தியைப் போடுங்கள், ராஜதந்திரி வேண்டுமானால் அல்திரோவாந்தி, ஒரு நல்ல மனுஷன் போதுமென்றால் நான்" என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. 'நல்ல மனுஷன்' என்ற இடத்தில் 'கழுதை' என்று போட்டும் சொல்வார்கள். கதை எப்படியோ, ஆறு மாச வெக்கையில் ஒரு சிரிப்பு ஓட்டு வாங்கித் தராதா என்ன?

வாய் கொஞ்சம் அதிகம். பொலோஞாக் கொச்சை கடைசிவரை விடவில்லை. தெருவில் நடந்து போய் ஜனங்களிடம் பேச்சுக் கொடுப்பாராம். பிரான்சில் இருந்த கர்தினால் தான்சேனுக்கு வருஷக்கணக்காக அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ராஜாக்கள் மேல் எரிச்சல், காசில்லாத புலம்பல், ஊர்வம்பு எல்லாம் அதில் உண்டு. அந்தக் கடிதங்களைத் தொட்டால் ஆணை மடல்களை யாரும் வாசிக்க மாட்டார்கள்.

குவிரினால் அரண்மனைத் தோட்டத்தில் காப்பி குடிக்கவென்றே தனியாக ஒரு மண்டபம் கட்டினார். பெர்டினாந்தோ பூகா என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. வத்திக்கானில் காப்பிக்கு மண்டபம் கட்டின இந்தப் பாப்பரசரைக் கும்பகோணத்துக்காரர்கள் புனிதராக்கக் கேட்காதது ஆச்சரியம்.

பிப்ரவரி 1, கொஞ்சம் கழித்து

வத்திக்கான் என்று எழுதிவிட்டேன். குவிரினால் வேறு மலை, ரோம் நகருக்குள்ளே இருக்கிறது. அப்போது பாப்பரசர்கள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருந்தார்கள்.

பிப்ரவரி 2

அவர் படிப்பாளி என்பதில் பொய் இல்லை. பொலோஞா பல்கலைக்கழகத்தில் 1732ல் லௌரா பாஸ்ஸி என்ற பெண் பட்டம் வாங்கினார். அப்போது அந்த ஊர் ஆயர் இவர்தான், ஆதரவு கொடுத்தார். பாப்பரசரான பின் 1745ல் விஞ்ஞானக் கழகத்தில் 24 பேருக்குச் சம்பளத்தோடு இடம் ஏற்படுத்தி, அந்தப் பெண்ணுக்காக 25ஆவதாக ஒன்றைச் சேர்த்தார். மிலானைச் சேர்ந்த மரியா அன்யேசி கணக்குப் புத்தகம் எழுதியபோது 1750ல் அவருக்கும் பொலோஞாவில் பேராசிரியர் பதவி. அந்த அம்மா போய்ப் பாடம் எடுக்கவே இல்லை, அது வேறு.

பிணத்தை அறுத்துப் படிப்பது பாவமில்லை என்று ஆயராக இருந்தபோதே வைத்தியர்களுக்குப் பிணம் கிடைக்க வழி செய்தார். உடற்கூறு காட்டும் மெழுகுப் பொம்மைகள் செய்யப் பணம் கொடுத்தார். தென் அமெரிக்க இந்தியர்களை அடிமையாக்கி விற்பவன் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவான் என்று 1741 டிசம்பரில் எழுதினார்.

பூமி சுற்றுகிறது என்று சொல்லும் புத்தகங்கள் மேல் இருந்த பொதுத் தடை, அவர் காலத்தில் அச்சான 1758 தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் கோப்பர்நிக்கஸ், கலிலேயோ பெயர்கள் பட்டியலிலேயே இருந்தன, 1835 வரைக்கும். கதவைத் திறப்பார், நாதாங்கியை விட்டுவிடுவார். இந்தக் குணத்தை ஞாபகத்தில் வை, பின்னால் வேலைக்கு ஆகும்.

போலந்து யூதர்களுக்கு எதிராக 1751ல் அவர் எழுதியதை வாசித்தால் இந்தப் பாராட்டெல்லாம் தொண்டையில் நிற்கிறது. அதையும் அதே கைதான் எழுதியது.

பிப்ரவரி 3

இப்போது துர்னோன். சவாய் நாட்டுப் பிரபு வீட்டுப் பிள்ளை. சீனாவுக்குப் போகிற வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டு மாசம் இருந்தார், அதில் நிறைய நாள் படுக்கையில். உள்நாட்டுப் பக்கம் போகவில்லை. மதுரை மிஷன் என்று நாம் சொல்வது 1606ல் தத்துவபோதகர் நோபிலி காவி கட்டி ஆரம்பித்தது. அது மதுரை, திருச்சி, தஞ்சை, மறவர் நாடு என்று விரிந்து கிடந்தது. அந்த நாட்டையே பார்க்காமல் இரண்டு சேசு சபைச் சாமியார்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு, 16 விதிகளைக் கப்பல் ஏறுகிற வாரத்தில் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விதிகளைப் படித்தால் நம் வீட்டுக் கல்யாணத்தைத் திண்ணையில் உட்கார்ந்து யாரோ குறிப்பெடுத்த மாதிரி இருக்கும். தாலிக் கயிறு மஞ்சளில் தோய்த்த 108 இழையாக இருக்கக்கூடாது. பந்தலில் அரசங்கொம்பு நடக்கூடாது. தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக்கூடாது. பெண் பெரியவளானால் கொண்டாடக்கூடாது. கிறிஸ்தவ மேளக்காரன் கோயில் திருவிழாவில் வாசிக்கக்கூடாது. நெற்றியில் சாம்பல் கூடாது. ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைக்கும் சடங்கை விடக்கூடாது.

கடைசியாகச் சொன்ன விதியைக் கவனி. குரு தன் எச்சிலை விரலில் தொட்டு இன்னொருத்தர் காதிலும் மூக்கிலும் வைப்பது ரோமில் அப்போது சாதாரணம். நம் ஊரில்? அடுத்தவன் கடித்த மாங்காயையே தொடமாட்டார்கள். அதனால்தான் மிஷன் சாமியார்கள் அதைச் சத்தமில்லாமல் விட்டிருந்தார்கள்.

இதே 16க்குள்தான் மாதவிலக்கான பெண்ணைக் கோயிலுக்கு வரவிடாமல் தடுக்காதே என்பதும் இருக்கிறது. தாழ்ந்த சாதி நோயாளி என்று குடிசைக்குள் போகாமல் இருக்காதே என்பதும் இருக்கிறது. "ஐரோப்பியன் நம்ம வழக்கத்தை அழிச்சான்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் அப்பாயி தாலியில் சிலுவைதான். அடியில் தகடு இலை மாதிரி விரிந்து, ஓரத்தில் சின்னச் சின்ன முத்து. தங்கச்சி கல்யாணத்துக்கு அதே மாதிரி செய்யச் சொல்லிக் கொண்டுபோனபோது பத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துச் சொன்னார்: "அச்சு ஒண்ணுதாங்க, நடுவுல என்ன ஒட்டுறோம்கிறதுதான்." 1704லிருந்து 40 வருஷம் ரோம் வரைக்கும் நடந்த சண்டை அந்த நடுவில் ஒட்டுகிற சமாச்சாரம்தான்.

பிப்ரவரி 4

இன்று ஓரியூர் திருநாள். நீ நடந்து சேர்ந்திருப்பாய். செம்மண் கொஞ்சம் எடுத்துவா. அப்பாயி தீப்பெட்டியில் போட்டு மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கும். காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஒரு துளி.

ஜனவரி 30 அன்று நான் எழுதியதில் பெரிய ஓட்டை. ஏதோ 1744ல் மேசைக்கு வந்த ஒரு தாளில் இவர் கையெழுத்துப் போட்டார் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அப்படியில்லை. நம் ஊர் சங்கதி அவருக்குப் பழைய பரிச்சயம், அதுவும் அருளானந்தர் வழியாக.

லம்பெர்த்தினி 1708லிருந்து சுமார் 20 வருஷம் ரோமில் பார்த்த வேலை என்ன தெரியுமா? யாரையாவது புனிதராக்க மனு வந்தால் எதிர்த்து வாதாடுவது. சாத்தானின் வக்கீல் என்று ஊரில் கேலியாகச் சொல்லும் பதவி. புதுமை நடந்தது என்றால், "எந்த வைத்தியர் பார்த்தார், வியாதி தானாகவே குணமாகாதா, சாட்சி பொய் சொல்லமாட்டான் என்று என்ன நிச்சயம்" என்று கிண்டுவது. அந்த அனுபவத்தை நாலு பெரிய பாகங்களாக எழுதி வைத்தார். புனிதர் பட்ட விசாரணைக்கு அதற்கப்புறம் அதுதான் ஆதாரம்.

ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ல் தலை வெட்டப்பட்ட ஜான் தெ பிரிட்டோவின், அதாவது நம் அருளானந்தரின் வழக்கு, லம்பெர்த்தினி அந்த நாற்காலியில் இருந்த காலத்திலேயே ரோமுக்கு வந்துவிட்டது. வந்து நின்றுவிட்டது. காரணம், அருளானந்தர் பண்டாரசாமியாக வாழ்ந்தவர். காவி, கடுக்கன், மரக்கறிச் சாப்பாடு. தகராறில் இருக்கும் வழக்கங்களைக் கைக்கொண்டவரை எப்படிப் பீடத்தில் ஏற்றுவது?

அந்த முடிச்சை அவிழ்த்தவர் யார் என்று நினைக்கிறாய்? இதே ஆள். பாப்பரசரான மறுவருஷம், 1741 ஜூலை 2ல், மலபார் வழக்கங்களை (நம் மிஷனில் தகராறான வழக்கங்களுக்கு ரோமில் வைத்த பெயர்) கடைப்பிடித்தது அருளானந்தர் வழக்குக்குத் தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். மூணு வருஷம் கழித்து அதே வழக்கங்களை விடுவோம் என்று உயிரோடு இருக்கும் ஒவ்வொரு சாமியாரும் சத்தியம் செய்ய வேண்டும் என்று மடல் எழுதினார். செத்தவருக்கு மன்னிப்பு, இருக்கிறவனுக்குக் கடிவாளம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இத்தனை வயசாகியிருக்கிறது.

அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் 1853ல், புனிதர் பட்டம் 1947ல். முடிச்சை அவிழ்த்தும் 112 வருஷம் ஆனது. நாதாங்கி!

பிப்ரவரி 4, இரவு

'இரட்டை நாக்கு' என்று நீ கேட்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வக்கீல் புத்தி. பிரிட்டோ செய்தபோது சட்டம் முடிவாகவில்லை, அதனால் குற்றமில்லை. இப்போது முடிவாகிவிட்டது, அதனால் மீறினால் குற்றம். கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான், எனக்கு இந்த நியாயம் புரிகிறது. பிடிக்கிறதா என்றால் அது வேறு கேள்வி.

பிப்ரவரி 6

சும்மா ஒரு துணுக்கு. வால்டேர் இவருக்குத் தன் நாடகம் ஒன்றைக் காணிக்கையாக்கி, இவர் படத்துக்கு அடியில் போட லத்தீனில் ஈரடிச் செய்யுள் ஒன்றும் எழுதினார். யாரோ ரோமில் அதில் தளை தட்டுகிறது என்றான். 'ஹிக்' என்ற சொல் நெடிலாக நிற்க வேண்டிய இடத்தில் குறிலாக இருக்கிறதாம். பாப்பரசர் வால்டேருக்கு என்ன எழுதினார் தெரியுமா? வர்ஜிலில் அது குறிலாகவும் வரும், நெடிலாகவும் வரும் என்று இரண்டு அடிகளைக் காட்டி, அந்தப் புத்தகத்தைத் தொட்டு 50 வருஷம் ஆச்சு என்று பெருமையும் அடித்துக்கொண்டார். திருச்சபையை ஊரெங்கும் நக்கலடித்த மனுஷனிடம் அவர் பேசியது அசை பிரிப்பது பற்றி. நம் ஊர்த் தமிழ் வாத்தியார்களுக்கு அவரைப் பிடித்துப்போயிருக்கும்.

வீரமாமுனிவருக்கும்தான். அந்த ஆணை வந்தபோது முனிவர் கடைசிக் காலத்தில் இருந்தார், 1747ல் இறந்தார். நெடில் குறில் பேச ரோமில் ஓர் ஆள் இருந்தார், தமிழ் நாட்டில் ஓர் ஆள் இருந்தார், நடுவில் போனதோ எச்சில், சாம்பல், தாலிக் கயிறு.

பிப்ரவரி 7

1744 செப்டம்பரில் அந்த மேசை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர். பாப்பரசர் நாடு யார் பக்கமும் இல்லை, ஆனால் இரண்டு பக்கத்துப் படையும் அதற்குள்தான் நடக்கிறது, தின்கிறது. ஆகஸ்ட் 10 ராத்திரி வெல்லெத்ரியில் ஆஸ்திரியர்கள் நேப்பிள்ஸ் ராஜா சார்லசின் முகாமுக்குள் புகுந்து அவரைப் பிடிக்கப் பார்த்தார்கள். ரோமிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து கிளம்பித் தஞ்சாவூர்கூடப் போய்ச் சேராத தூரம். ஒரு மாசம் கழித்து, படைகள் இன்னும் அங்கேயே கிடக்கும்போது, மறவர் நாட்டுக் கல்யாணப் பந்தலைப் பற்றிய மடல் கையெழுத்தாகிறது. நவம்பர் 3ல் அந்த ராஜாவே வந்து காப்பி மண்டபத்தில் உட்கார்ந்தார். பானீனி வரைந்த படம் இருக்கிறது, வண்டிகளும் கூட்டமுமாக.

அவர் இந்த விஷயத்தைக் கவனிக்காமல் விட்டார் என்று சொல்ல இது இல்லை. கவனித்தார். ஆனால் பார்த்ததெல்லாம் தாள். சேசு சபைக்காரர் தாள், அவர்களைப் பிடிக்காத கப்புச்சின் சாமியார்கள் தாள், துர்னோன் தாள். அறுத்துப் பார்த்துத்தான் உடம்பைப் படிக்க வேண்டும் என்று வைத்தியர்களுக்குப் பிணம் வாங்கிக் கொடுத்தவர், நம் ஊர் ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிப்ரவரி 11

இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

1744 மடலில் எது சரி என்று கேட்டால் நான் ஒன்றைத்தான் சொல்வேன். சாகக் கிடக்கிறவன் பறையன் என்பதால் அவன் வீட்டுக்குள் போகமாட்டேன் என்று எந்தக் குருவும் சொல்லக்கூடாது. இதில் ரோம் அசையவில்லை. உள்ளே போனால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நம்மைக் கைவிட்டுவிடுவார்கள் என்று மிஷன்காரர்கள் 40 வருஷம் கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில் அவர்களே ஒரு வழி சொன்னார்கள்: தாழ்ந்த சாதியாருக்கென்றே தனியாகச் சில சாமியார்கள். பாப்பரசர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். சட்டம் நிறைவேறிவிட்டது, நோயாளிக்கு அவஸ்தைபூசுதல் கிடைத்துவிட்டது. தீட்டும் பத்திரமாக இருந்தது. இவருக்குத் தனி, அவருக்குத் தனி என்பதற்கு ரோமின் சம்மதமும் கிடைத்தது.

அவருக்கு விளங்காமலா ஒத்துக்கொண்டார்? 20 வருஷம் ஓட்டை தேடியே பிழைத்தவர். எனக்கு இந்த ஒன்றில்தான் அவர்மேல் கோபம்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கோபத்தை ரோமுக்கு அனுப்பிவிட்டு நான் நல்லவனாக உட்கார்ந்திருக்கிறேன். மிஷன்காரர்கள் யாருக்குப் பயந்து கெஞ்சினார்கள்? எங்களுக்கு. என் தாத்தாவுக்குத் தாத்தா மாதிரி ஆட்களுக்கு.

சாமியார்கள் செய்ய வேண்டிய அந்தச் சத்தியம் 1940ல்தான் நீக்கப்பட்டது. 1773ல் சேசு சபையையே இன்னொரு பாப்பரசர் கலைத்தார், பிறகு சபை திரும்பவும் உயிர்பெற்று 1838ல் மதுரைக்கு வந்தது, அப்படி வந்தவர்களும் சத்தியம் செய்துவிட்டுத்தான் வேலையில் இறங்கினார்கள். எங்கள் அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் வரைக்கும் அந்தக் கணக்கில் வருவார்.

பிப்ரவரி 13

குளியலைக் கேட்டிருந்தாய், விட்டுவிட்டேன். குளிக்கலாம். வெள்ளைக்காரன் குளிக்கவிடவில்லை என்பது கட்டுக்கதை. இந்த நேரத்தில், இந்த முறைப்படி என்று இந்துக்கள் சடங்காகச் செய்யும் குளியலைத்தான் கூடாது என்றது துர்னோன் விதி. சுத்தத்துக்குக் குளிப்பதை யாரும் தடுக்கவில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் நான் பூசைக்கு உதவி செய்கிற பையன். வயசு பதினொன்று. ஒரு மத்தியானம் காலனியில் ஒரு பெரியம்மா முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்தது. சாமி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார், நான் மணியும் மெழுகுதிரியும், உபதேசியார் எங்களோடு. வாசலில் குனிந்து சாமி உள்ளே போனார், நானும் போனேன். உபதேசியார் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். உள்ளே இருட்டு. பெரியம்மா பாதத்தில் எண்ணெய் பூச சாமி துணியை விலக்கியபோது குதிகால் வெடிப்பு முழுக்கக் களிமண். மகள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தது, சாமி குடித்தார். எனக்கும் கொடுத்தது. நான் சாமியைப் பார்த்தேன், குடித்தேன்.

வெளியே வந்ததும் உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நேரா வீட்டுக்குள்ள போகாத, அம்மாட்ட சொல்லி ரெண்டு வாளி ஊத்திக்க" என்றார். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கொல்லைப்புறத்தில் கல்மேல் நிற்க வைத்து ஊற்றியது.